முப்பத்தேழு அங்குலம்

மஸ்தான் பாய் டேப்பின் நாக்கை இழுத்துப் பிடித்து
"அம்மா, இப்படி வந்து நில்லுங்க" என்றார்.
மேடையின் உயரத்தை முழங்கைதான் சொல்லுமாம்.
மடக்கிய முழங்கைக்கு ஒரு சாண் கீழே.
நான் நகரவில்லை.
தணிகைவேலைக் கூப்பிட்டேன்.
விரல் நுனியில் பூண்டுத் தோல் ஒட்டியபடி வந்தான்.

டேப் காற்றில் கொஞ்சம் ஆடியது.
"சாருக்கா?"
"சாருக்குத்தான் பாய். ஆறடி ஒரு அங்குலம்.
அவன்தான் நிற்கப்போகிறவன்."
காதிலிருந்த பென்சிலை எடுத்துச்
சுவரில் ஒரு கோடு போட்டார்.
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று
அதற்குக் கீழே இன்னொன்று, சின்னதாய்,
ஒருவேளை நான் மனம் மாறினால்.

ஐ.சி.எஃப்பில்
ரயில்பெட்டித் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே
இடைவெளி பார்ப்பது என் வேலை.
அரை மில்லிமீட்டர் பிசகினாலும்
சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்.
பதினோரு வருடமாக
முப்பத்திரண்டு அங்குல மேடை முன்
அவன் கேள்விக்குறியாய் வளைந்து நின்றதைக்
காபி குடித்தபடி பார்த்திருக்கிறேன்.
வட்டம் போட்டதில்லை.

மேடையை உடைத்த ஒன்பது நாளும்
சமையல் பால்கனியில்.
பெயின்ட் வாளிகளில் கத்தரி,
தெர்மோகோல் பெட்டியில் தண்டுக்கீரை,
துணிக்கொடியைப் பிடித்து ஏறிவிட்ட அவரை,
நடுவே ஒற்றை அடுப்பு,
தரையில் சம்மணமிட்டு அவன்.
வில்லிவாக்கத்து மே மாதம்.

மேல்வீட்டு ரெஜினா மேடத்தின் ஏசி
இரவெல்லாம் சொட்டும்.
போன வருடம் அதற்காக
அசோசியேஷன் வரை போய்ச் சண்டை போட்டோம்.
இப்போது ட்யூபை நீட்டி
வாளிக்குள் விட்டிருக்கிறோம்.
லாரி வராத நாளில்
அவர் தூக்கம்தான் எங்கள் கத்தரிக்குப் பாசனம்.
"நேத்து பதினோரு மணி வரைக்கும் கரண்ட் இல்ல"
என்று அவரே இறங்கிவந்து வருத்தப்பட்டார்.
நாலு கத்தரிக்காய் கொடுத்தோம்.
ஒன்றில் புழு இருந்ததாம்.
மறுவாரம்தான் சொன்னார்.

உட்கார்ந்து சமைத்தபோது
அவன் முதுகு நேராக இருந்தது.
எட்டிப் பறித்து, அரிந்து,
காம்பின் பச்சை வாசம் விரலில் இருக்கும்போதே
எண்ணெயில் போட்டான்.
வெடித்த கடுகு ஒன்று
அவரை இலையில் போய் ஒட்டிக்கொண்டது.
"இப்படியே விட்டுடலாமா?" என்றான்.
விடலாம்தான்.
கிரானைட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

பத்தாம் நாள், கறுப்பு மேடை.
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்,
குமிழி நட்டநடுவில்.
பாய்க்கு அதில் சின்னப் பெருமை.
தணிகை வந்து நின்றான்.
வெங்காயத்தை வைத்தான்.
கத்தியை எடுத்தான்.
வளைந்தான்.

மேடை அவனைக் கேட்கவில்லை,
முதுகுதான் தானாய்க் குனிந்தது,
உடைத்து மூட்டை கட்டி
லோடு ஆட்டோவில் அனுப்பிய
பழைய மேடையைத் தேடி.

கையில் சாக்பீஸ் இல்லை.
உள்ளங்கையை அவன் நடுமுதுகில் வைத்தேன்.
பனியன் நனைந்திருந்தது.
"நிமிரு" என்றேன்.
"நிமிர்ந்தா வெங்காயம் தூரமாத் தெரியுது."
"தெரியட்டும்."
இப்போதெல்லாம்
நாளைக்கு மூன்று தடவை சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக் காபி என்னுடையது.
அந்த மேடை எனக்கு மார்பளவு,
டிகாஷன் ஊற்றும்போது இரண்டு முழங்கையும்
காக்கைச் சிறகு மாதிரி தூக்கிக்கொள்ளும்.
பழைய பரண் கதவை அறுத்து
ஒரு மணை செய்துகொண்டேன். ஐந்தரை அங்குலம்.
ஏறி நின்றால்
அவன் காதுமடல் என் கண்ணுக்கு நேரே வருகிறது.
அங்கே ஒரு மச்சம் இருப்பது
இதுவரை எனக்குத் தெரியாது.

மேடைக்கு அடியில்
சிலிண்டர் வைக்கும் சுவரில்
பாய் போட்ட சின்னக் கோடு அப்படியே இருக்கிறது.
வெள்ளையடித்தும் மங்கலாய்த் தெரிகிறது.
சிலிண்டர் மாற்றுகிறவர் கண்ணுக்கு மட்டும்.
சிலிண்டர் மாற்றுவது நான்.